1890இல் சைக்கிள் வாங்குவதென்றால் எதை வாங்குவது?

போன மாதம் நண்பர்களுக்கு ஒரு பழைய படம் அனுப்பினேன். இங்கிலாந்துக்காரர் ஒருவர், மீசையும் தொப்பியுமாக, நெஞ்சு உயரச் சக்கரம் ஒன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஒப்புக்கு ஒரு குட்டிச் சக்கரம். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: காசு கொடுத்து இதை எவனாவது வாங்குவானா?

ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். அவர் கதை எழுதுகிறவர். கதை 1890இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் நடக்கிறது. கதாநாயகன் ஓர் ஆபீஸ் குமாஸ்தா, வயது 24, கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, சைக்கிள் வாங்கப் போகிறான். எந்த சைக்கிள் என்ற இடத்தில் கதை இரண்டு வாரமாக நிற்கிறது. உயரச் சக்கரம் என்றால் காட்சி அழகாக இருக்கும். ஆனால் செயின் வைத்த சைக்கிள் கடைக்கு வந்து அப்போதே ஐந்து வருஷம் ஆகிவிட்டது. உயரச் சக்கரத்தை வாங்கினால் அவன் முட்டாளாகத் தெரிவானா?

1886இல் வாங்கியிருந்தால் தெரியமாட்டான். 1890இல் வாங்கினால் கொஞ்சம் தெரிவான். அதுவும் நாம் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. செயின் வந்ததும் உயரச் சக்கரம் செத்தது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். என் கணக்கில் அது பாதி உண்மை.

## கடைக்குப் போகும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலில் பணம். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கிராமத்து விவசாயக் கூலிக்கு வாரம் 13, 14 ஷில்லிங் கிடைத்த காலம். நம் குமாஸ்தாவுக்கு 30 ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கம்பெனி வண்டி 15 முதல் 20 பவுண்டு வரை போகும். அதாவது பத்து முதல் பதின்மூன்று வாரச் சம்பளம். நாம் பைக் வாங்க யோசிப்பது போலத்தான் அவனும் யோசித்திருப்பான்.

இரண்டாவது, சாலை. ரயில் வந்ததும் குதிரை பூட்டிய கோச் வண்டிகள் ஒழிந்தன. நெடுஞ்சாலைகளைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. ஊருக்கு வெளியே ஜல்லியும் வண்டித் தடமும், ஊருக்குள் கருங்கல் பாவிய தெருவும் டிராம் தண்டவாளமும். சைக்கிள் சங்கங்கள் பொறுக்க முடியாமல் 1886இல் சாலைகளைச் சீராக்கச் சொல்லிக் கேட்பதற்கென்றே தனி அமைப்பு தொடங்கின. ஆகவே வேகத்தைவிட முக்கியமான கேள்வி, பத்து மைல் போன பிறகு இடுப்பு என்ன சொல்லும் என்பது.

அப்புறம், விழுந்தால் எப்படி விழுவோம். வீட்டில் எங்கே நிறுத்துவோம். வேட்டியோ பாவாடையோ, நாம் போடுகிற உடையில் ஏற முடியுமா. அடுத்த வருஷம் விற்றால் என்ன தேறும். கடைசிக் கேள்வியை அந்த வருஷம் பலர் கேட்க மறந்தார்கள்.

மணியும் விளக்கும் எந்த வண்டிக்கும் பொதுச் செலவு. சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று 1888இல் சட்டமே சொல்லிவிட்டது. ஆளையோ குதிரையையோ தாண்டும்போது சத்தம் கொடுத்தே ஆகவேண்டும்.

## உயரச் சக்கரம்

இதன் தகப்பன் ஜேம்ஸ் ஸ்டார்லி. கவென்ட்ரியில் தையல் மெஷின் கம்பெனியில் இருந்தவர். 1870 வாக்கில் வில்லியம் ஹில்மனோடு சேர்ந்து 'ஏரியல்' என்ற வண்டியைக் கொண்டுவந்தார். அதற்கு முன் பாரீஸில் ஓடிய மரச்சக்கர வண்டிக்கு இங்கிலாந்தில் வைத்த பெயரே 'எலும்பு உலுக்கி'. ஸ்டார்லியின் வண்டியில் மெல்லிய கம்பிகள் இழுவிசையில் நின்று சக்கரத்தைத் தாங்கின. அதனால் சக்கரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், எடையும் கூடாது.

எதற்காகப் பெரிதாக்க வேண்டும்? பெடல் நேராக முன்சக்கர அச்சிலேயே இருக்கிறது. கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. 36 இன்ச் சக்கரம் என்றால் ஒரு சுற்றுக்கு 2.9 மீட்டர் போவீர்கள். 54 இன்ச் என்றால் 4.3 மீட்டர். கால் எட்டும் மட்டும் சக்கரத்தைப் பெருக்க வேண்டியதுதான். கடையில் சட்டைக்கு அளவெடுப்பது போலக் காலுக்கு அளவெடுத்துத்தான் வண்டி கொடுப்பார்கள். குள்ளமானவனுக்கு மெதுவான வண்டி. நியாயமில்லைதான், என்ன செய்வது.

ஏறுவதே ஒரு வித்தை. பின்சக்கரத்துக்கு மேலே முதுகுத்தண்டுக் குழாயில் ஒரு சிறு படி இருக்கும். இடது காலை அதில் வைத்து, ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்து, வலது காலால் தரையை உந்தி உந்தி நொண்டியடித்துக்கொண்டே வேகம் பிடிக்க வேண்டும். வண்டி நிற்காமல் ஓடத் தொடங்கியதும் படிமேல் எழும்பி, சீட்டுக்குச் சறுக்கி, அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் பெடலைக் காலால் தேடிப் பிடிக்க வேண்டும். இறங்குவது இதையே பின்னோக்கிச் செய்வது. கண்ணுக்குத் தெரியாத படியைக் கால் துழாவும். குரங்கு பெடல் போட்டுச் சைக்கிள் பழகிய நம் தலைமுறை, முட்டி தேய்ந்தாலும் தரைக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. இங்கே சீட்டே ஐந்தடி உயரத்தில்.

ஏறியபின் சுகம்தான். பெரிய சக்கரம் சின்னப் பள்ளங்களில் இறங்குவதே இல்லை, மேலேயே மிதந்து போய்விடும். புழுதிக்கும் குதிரைச் சாணத்துக்கும் மேலே, வேலிக்கு அந்தப் பக்கம் வயல் தெரிய, காற்றில் போகலாம். 'எப்படி இதில் உட்கார்ந்தார்கள்' என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தாமஸ் ஸ்டீவன்ஸ் 50 இன்ச் சக்கரத்தில் 1884 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பி 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தார். இடையில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை ஓட்டினார். உட்கார முடியாத வண்டியில் உலகம் சுற்ற முடியாது.

ஆனால் விழுந்தால் தலைக்குப்புறத்தான். ஓட்டுகிறவரின் எடை முழுவதும் முன் அச்சுக்கு நேர் மேலே, ஒரு சாண் பின்னால். கல்லோ நாயோ, கொஞ்சம் அழுத்திப் பிடித்த பிரேக்கோ போதும். சக்கரம் நிற்கும், வண்டி முழுவதும் அச்சைச் சுற்றிக் கவிழும், ஹேண்டில்பாருக்கு அடியில் தொடை மாட்டிக்கொள்ளும். மணிக்கட்டோ மூக்கோ முதலில் தரையைத் தொடும். இறக்கத்தில் கால்களைத் தூக்கி ஹேண்டில்பார் மேலே போட்டுக்கொண்டு போவது வீம்பு மாதிரி படத்தில் தெரியும். விழுந்தால் கால் முதலில் போகட்டும் என்ற கணக்கு அது. 1878இல் தொடங்கிய சைக்கிள் சுற்றுலா சங்கம் செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் 'அபாயம்' பலகை நட்டுக்கொண்டே போனது. பலகையைப் பார்த்தால் இறங்கித் தள்ளு.

மறைமுகச் செலவு: பழகும் நாட்கள், கிழிந்த கால்சட்டை, எலும்பு வைத்தியம். பாவாடை அணிந்த பெண்ணுக்கும் ஐம்பது தாண்டிய ஆணுக்கும் இந்த வண்டி கிடையவே கிடையாது. ஊரில் பாதிப் பேர் விடுபட்டுப் போனார்கள்.

## மூன்று சக்கரம்

அந்த மிச்சப் பாதிக்காக வந்தது இது. இதிலும் ஸ்டார்லிதான். இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்து ஓட்டினால் வளைவில் ஒன்று இழுக்கும், ஒன்று தேயும். வெளிச்சக்கரம் அதிகமாகச் சுற்ற வழி வேண்டும். 1877இல் அவர் இதற்குப் பல்சக்கர ஏற்பாடு ஒன்றைப் போட்டார். இன்று நம் காரிலும் லாரியிலும் டிஃபரென்ஷியல் என்று இருப்பது அதே யோசனை. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் ஒரு பெண் இந்த வண்டியில் போவதைப் பார்த்த விக்டோரியா மகாராணி 1881இல் இரண்டு வண்டி வாங்கினார். வண்டியின் பெயரோடு 'ராயல்' ஒட்டிக்கொண்டது, டாக்டர்களும் பாதிரியார்களும் பெரிய வீட்டுப் பெண்களும் கூச்சமில்லாமல் ஏறினார்கள்.

தலைக்குப்புற விழ வேண்டியதில்லை, நிறுத்தினால் நிற்கும், பையும் குடையும் வைக்க இடம் உண்டு. சரி, எங்கே உதைக்கும்?

எடை. 30 கிலோ சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. விலை 20 பவுண்டைத் தாண்டிவிடும். பெரிய தொல்லை, தடம். இரண்டு சக்கர வண்டி சாலையில் நல்ல இடமாகப் பார்த்து ஒரே கோட்டில் போகும். இது ஒரே நேரத்தில் மூன்று கோட்டில் போகிறது. ஒரு சக்கரம் தப்பினால் இன்னொன்று பள்ளத்தில் இறங்கும். வீட்டுக்கு வந்தால் வாசல் நிலைக்குள் நுழையாது. இதற்காகவே அகலத்தைச் சுருக்கக்கூடிய வண்டிகளும் செய்து விற்றார்கள். கொட்டகையோ லாயமோ இல்லாதவனுக்கு இது வாடகை கேட்கிற வண்டி. குமாஸ்தா வரிசை வீட்டில் ஒரு அறையில் குடியிருந்தால், மேலே படிக்காமல் இதைத் தள்ளிவிடலாம்.

## செயின் வைத்த 'சேஃப்டி', கெட்டி ரப்பர் டயரோடு

ஸ்டார்லியின் அண்ணன் தம்பி வழிப் பையன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் ஆள், பெடலிலிருந்து செயின் பின்சக்கரத்துக்கு. அதாவது நம் தாத்தா ஓட்டிய சைக்கிள்.

செயின் செய்த மாயம் கணக்கில் இருக்கிறது. உதாரணத்துக்கு முன்னே 18 பல், பின்னே 10 பல் என்று வையுங்கள். கால் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.8 சுற்று. பின்சக்கரம் 30 இன்ச்தான், ஆனால் 54 இன்ச் சக்கரம் போகிற தூரம் போகும். பிரிட்டனில் இன்றும் பந்தயக்காரர்கள் கியரை இன்ச்சில் சொல்வது, இல்லாத அந்த உயரச் சக்கரத்தை மனதில் வைத்துத்தான். குள்ளமானவனுக்கும் நெட்டையானவனுக்கும் ஒரே வேகம். 1885 செப்டம்பரில் ஜார்ஜ் ஸ்மித் ரோவரில் 100 மைலை 7 மணி 5 நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார். ஓட்டம் சரி, விழுந்தாலும் பக்கவாட்டில், காலை ஊன்றலாம்.

அப்படியும் உயரச் சக்கரக்காரர்கள் ஏன் உடனே மாறவில்லை? வெறும் திமிர் என்று சொல்லிவிடுவது சுலபம். திமிரும் இருந்தது. தரையோடு ஊர்ந்து போகிறான் என்று சேஃப்டிக்காரனைக் கேலி செய்தார்கள். ஆனால் உண்மையான காரணம் இடுப்பில் இருந்தது.

எட்டாம் வகுப்பில் நான் ஒருமுறை பஞ்சரான சைக்கிளை, கடை மூடியிருந்ததால், மிதித்தே மூன்று கிலோமீட்டர் வீடு வந்து சேர்ந்தேன். தார் ரோட்டில் பல் கடகடவென்று அடித்தது, கை மரத்துப் போயிற்று, மட்கார்டு நட்டு ஒன்று வழியில் எங்கோ கழன்று விழுந்திருந்தது. விரல் தடிமன் கெட்டி ரப்பர் ஒட்டிய சின்னச் சக்கரத்தில் ஜல்லி ரோட்டில் போவது அதற்கு ரொம்பத் தூரமில்லை. பெரிய சக்கரம் தாண்டிப்போன பள்ளத்தில் சின்னச் சக்கரம் விழுந்து எழும். ஃபிரேமுக்குள் ஸ்பிரிங் வைத்த வண்டிகள்கூட வந்தன. எடையும் விலையும் ஏறின.

இன்னும் சில: செயின் திறந்து கிடக்கும், சேறு அப்பும், எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்தில் வண்டி பக்கவாட்டில் வழுக்கும். ஃப்ரீவீல் இன்னும் வரவில்லை. இறக்கத்தில் கால்களை முன் ஃபோர்க்கில் இருக்கும் குமிழில் வைத்துக்கொள்ள, பெடல் தன்னால் சுழலும்.

ஒன்று மட்டும் வேறு எந்த இரண்டு சக்கர வண்டியாலும் முடியாதது. நடுக் குழாயைத் தாழ்த்தினால் பாவாடையோடு பெண் ஏறலாம். 1889 வாக்கில் அப்படிப்பட்ட வண்டிகள் கடைக்கு வந்தன. பின்சக்கரத்தில் பாவாடை சிக்காமலிருக்க மட்கார்டிலிருந்து அச்சு வரை நூல் வலை கட்டியிருப்பார்கள். நம்மூரின் சேலை கார்டுக்கு அது பெரியம்மா.

## அதே சேஃப்டி, காற்று டயரோடு

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்று ஒரு ஸ்காட்லாந்து மாட்டு வைத்தியர். பையனின் மூன்று சக்கர வண்டி கல் தெருவில் குலுங்குகிறதே என்று 1887இல் ரப்பர் குழாயைத் துணியில் சுற்றி, மரச்சக்கரத்தில் பொருத்தி, காற்றடித்தார். கெட்டி ரப்பர் சக்கரத்தையும் இதையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். அது பாதி வழியில் சாய்ந்தது, இது முற்றத்தைத் தாண்டிப்போய்க் கேட்டில் மோதியது. குலுக்கலுக்கு மருந்து தேடினால் வேகமும் சேர்ந்து கிடைத்துவிட்டது.

1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லி ஹ்யூம் இந்த டயரோடு பந்தயத்துக்கு வந்தார். தடித்த டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. போட்டிகளை ஜெயித்துக்கொண்டு போனதும் சிரிப்பு நின்றது. தோற்றவர்களில் ஹார்வி டு கிராஸ் என்பவரின் பையன்களும் இருந்தார்கள். தகப்பனார் கோபப்படவில்லை, டயர் கம்பெனியில் பணம் போட்டார்.

இப்போது 1890இல் கடையில் நிற்கிற குமாஸ்தாவிடம் இதையே வாங்கு என்று சொல்லிவிடலாமே? கொஞ்சம் பொறுங்கள்.

அந்த முதல் டயர் கழற்றுகிற சாமான் இல்லை. ட்யூபைத் துணிப்பைக்குள் வைத்து ரிம்மோடு சேர்த்துச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். லாடத்து ஆணி ஏறிப் பஞ்சர் ஆனால் (குதிரை ஓடுகிற சாலையில் ஆணிக்கா பஞ்சம்), சுற்றை அவிழ்த்து, ரப்பரைப் பிரித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, மறுபடி சுற்றி, காயவிட வேண்டும். மணிக்கணக்கில் வேலை. தண்ணீர்த் தொட்டியும் இரண்டு டயர் லீவரும் வைத்துக்கொண்டு கால் மணியில் முடித்துக்கொடுக்கும் பஞ்சர் கடை அண்ணன் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

இன்னொரு மறைமுகச் செலவு இதைவிடக் குறும்பு. டயர் தடிமன் அதிகம். பழைய வண்டியின் ஃபோர்க்குக்கு நடுவே நுழையாது. ஆகவே 'இப்போது கெட்டி ரப்பர் வாங்கிக்கொள்கிறேன், பிறகு டயரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்' என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஆனால் அடுத்த வருஷம் கதை மாறுகிறது. 1845இலேயே தாம்சன் என்பவர் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது தெரியவந்து, 1890இல் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. கழற்றி மாட்டும் டயர்கள் அதே காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1891 செப்டம்பரில் பாரீஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. பந்தயத்தை சார்ல் டெரோன் 71 மணி 22 நிமிடத்தில் ஜெயித்தார். மாட்டியிருந்தது மிஷ்லின் சகோதரர்களின் கழற்றும் டயர்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | உயரச் சக்கரம் | மூன்று சக்கரம் | சேஃப்டி, கெட்டி ரப்பர் | சேஃப்டி, காற்று டயர் |
|---|---|---|---|---|
| வேகம் | நல்ல காலுக்கு நல்ல வேகம் | குறைவு | உயரச் சக்கரத்துக்குச் சமம் | எல்லாவற்றிலும் அதிகம் |
| குலுக்கல் | குறைவு | நடுத்தரம், மூன்று தடத்திலும் பள்ளம் | மோசம் | மிகக் குறைவு |
| விழுந்தால் | தலை முதலில் | அபூர்வமாகத்தான் விழும் | பக்கவாட்டில் | பக்கவாட்டில் |
| நிறுத்த இடம் | உயரமான சுவர் போதும் | கொட்டகை வேண்டும் | வாசல் நடை போதும் | வாசல் நடை போதும் |
| யாருக்கு | திடமான இளைஞனுக்கு மட்டும் | யாரும் | ஏறக்குறைய யாரும் | ஏறக்குறைய யாரும் |
| ஒளிந்திருக்கும் செலவு | அடிபடுவது, மறுவிற்பனை | இடம், எடை | செயின் பராமரிப்பு, இடுப்பு | பஞ்சர் |

அட்டவணையை நம்பாதவர்களுக்கு ஒரே ஆளின் கணக்கு இருக்கிறது. ஜி. பி. மில்ஸ் என்ற இங்கிலாந்துப் பந்தயக்காரர், பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனையான ஜான் ஓ'குரோட்ஸ் வரை, சுமார் 1,400 கி.மீ., வேறு வேறு வண்டியில் ஓட்டினார். 1886இல் 19 வயதில் உயரச் சக்கரத்தில் 5 நாள் 1 மணி 45 நிமிடம். அதே வருஷம் மூன்று சக்கரத்தில் 5 நாள் 10 மணி. 1891இல் காற்று டயர் சேஃப்டியில் 4 நாள் 11 மணி 17 நிமிடம். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் எட்டேகால் மணிநேரம்தான், நாம் நினைப்பதைவிடக் குறைவு. மூன்றாவது தனி ஜாதி. உயரச் சக்கரத்தில் அவர் எடுத்த நேரத்தை 2019 வரை யாரும் முறியடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த வண்டியைக் கேலி செய்கிறவர்களுக்காக.

## அப்படியானால் யார் எதை வாங்குவது

1886இல் 24 வயது, நீண்ட கால், கிளப்பில் நண்பர்கள்: உயரச் சக்கரம்தான், தயங்க வேண்டாம். செயின் வண்டியின் பாதுகாப்பு வேண்டுமானால் குலுக்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. வீட்டில் லாயம் உள்ள டாக்டருக்கும் வயதானவர்களுக்கும் 1890இலும் மூன்று சக்கரமே சரி. ஈர ரோட்டில் இரவு இரண்டு மணிக்கு நோயாளி வீட்டுக்குப் போகிறவருக்கு வேகத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பந்தயம் ஓட்டுகிறவனும், பஞ்சர் ஆனால் வண்டியைக் கம்பெனிக்கே கொண்டுபோய்க் கொடுக்க வசதியுள்ளவனும் காற்று டயரை உடனே எடுக்கலாம். பெண்களுக்குத் தாழ்ந்த குழாய் சேஃப்டி. எந்த டயர் என்பது அப்புறம்.

1890இல் உயரச் சக்கரத்தைப் புதிதாக 15 பவுண்டு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் என் அனுதாபம். ஓரிரண்டு வருஷத்தில் அதைச் சீண்ட ஆளில்லை. ஆசை விடவில்லை என்றால் பழசாக, சில பவுண்டுக்கு வாங்கியிருக்கலாம். சேஃப்டிக்கு மாறுகிறவர்கள் தள்ளிவிடக் காத்திருந்தார்கள்.

நம் குமாஸ்தா விஷயத்துக்கு வருவோம். வாரம் 30 ஷில்லிங் வாங்குகிறவன் முதல் வருஷ டயரைச் சோதித்துப் பார்க்கும் ஆளாக இருக்கக் கூடாது. கெட்டி ரப்பர் சேஃப்டி ஒன்றைப் பழசாக வாங்கி ஒரு வருஷம் இடுப்பு வலியோடு ஓட்டட்டும். 1891இல் கழற்றும் டயர் வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு அவனுக்கு இருந்தால், கடையில் மணியை அடித்துப் பார்ப்பதற்கு முன்னால் முன் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் நுழையவில்லை என்றால் அடுத்த கடை.